வான் பாயுதோ, குடில் கட்டியாச்சோ: மார்கழியில் கூட்டாளிமாருக்குச் சொல்லும் சேதி

நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு முந்தின மூன்று கிழமையும் வன்னியில் தொலைபேசி ஓய்வதில்லை. கொழும்பில் வேலை செய்கிறவன், லண்டனில் இருக்கிறவள், வவுனியாவில் வாடகை வீட்டில் இருக்கிற குடும்பம், முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிறவர் என்று எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: “என்ன மாதிரி அங்கால?” அதற்கு “ஒண்டுமில்லை, மழைதான்” என்று சொன்னால் அது சேதி இல்லை. மார்கழியில் மழை பெய்யும் என்பது வன்னியில் பிறந்த எவருக்கும் தெரியும். எந்த இடம், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் வந்தால்தான் கேட்கிறவர் அதை வைத்து ஏதாவது செய்யலாம். பஸ் ஏறுவதா, ஒரு நாள் பொறுப்பதா, மாவை இன்றைக்கே வறுப்பதா, கேக் தட்டைப் பேக்கரிப் போறணைக்குக் கொண்டு போவதா என்பதெல்லாம் அந்த மூன்றில்தான் தங்கியிருக்கிறது.

முதலில் குளம். கிளிநொச்சிப் பக்கத்துச் சேதியில் இரணைமடு வராத நாள் இல்லை. அதன் முழு மட்டம் 36 அடி. “குளம் நிரம்புது” என்று அனுப்புவதை விட, “விடிய 34 அடி, பின்னேரம் 34 அடி 8 அங்குலம்” என்று அனுப்புங்கள். பகல் ஒன்றுக்குள் எட்டு அங்குலம் ஏறியிருக்கிறது என்றால் மேலதிகத் தண்ணீரை வெளியே விடும் வான் கதவு திறக்கும் நேரம் தூரத்தில் இல்லை என்று வாசிக்கிறவரே கணக்குப் போட்டுவிடுவார். கிளிநொச்சியில் வெயில் எறிக்கிறது என்பதை வைத்து நிம்மதிப்படக் கூடாது. இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டு வருவது தெற்கே இருந்து வரும் கனகராயன் ஆறு. புளியங்குளம், கனகராயன்குளம் பக்கம் இரவிரவாகப் பெய்தால், அந்தத் தண்ணீர் பிறகுதான் குளத்துக்கு வந்து சேரும். ஆகவே கிளிநொச்சிக் கூட்டாளி முதலில் கேட்க வேண்டியது கனகராயன்குளத்துக் கூட்டாளியிடம். 2018ஆம் ஆண்டு நத்தாருக்கு நாலு நாள் இருக்க, டிசம்பர் 21 இரவு தொடங்கிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. குடிலுக்கு வாங்கி வைத்த சாமானைப் பரணில் ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூடங்களில் போய் இருந்த சனம் அந்த நத்தாரை இன்னும் கணக்கு வைத்துப் பேசும்.

கதவு திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கம்தான் முதலில் தண்ணீர் ஏறும். அங்கே கூட்டாளிமார் இருந்தால் கதவு திறந்த சேதியை இரவானாலும் அழைத்தே சொல்லுங்கள். எழுத்தில் அனுப்பினால் தூங்குகிறவர் விடியத்தான் பார்ப்பார். அரச தரப்பில் கேட்பதற்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது. கரண்ட் கம்பி அறுந்து கிடந்தால் மின்சார சபையின் 1987. இந்த இரண்டு இலக்கத்தையும் தொலைபேசியில் பதிந்து வைத்திருப்பதோடு ஒரு கடதாசியில் எழுதிக் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டுங்கள். தொலைபேசி நனைந்து செத்த பிறகுதான் அந்தக் கடதாசியின் அருமை தெரியும்.

பாதைச் சேதிக்கு அடிக்கணக்கு வேண்டாம், உடம்புக்கணக்குப் போதும். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், இடுப்பு. அதோடு தண்ணீர் நிற்கிறதா, பாய்கிறதா என்பதும் வர வேண்டும். நிற்கிற தண்ணீரில் முழங்கால் வரை நடக்கலாம். பாய்கிற தண்ணீர் முழங்காலுக்கு வந்தாலே ஆளை இழுத்துவிடும், சின்னக் காரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். நல்ல சேதி ஒன்று இப்படி இருக்கும்:

“கண்டாவளை றோட்டு, ரெண்டாவது மதகு. விடிய ஆறரை. தண்ணி குறுக்கால பாயுது, கெண்டைக்கால் மட்டும். பஸ்ஸும் உழவு மிசினும் போகுது, மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு போகினம். மழை விட்டிட்டுது. எட்டரைக்குத் திரும்பப் பாத்துச் சொல்லுறன்.”

கடைசி வரிதான் இதில் பெறுமதி. வெள்ளச் சேதிக்கு ஆயுள் இரண்டு மணித்தியாலம். எப்போது திரும்பச் சொல்வீர்கள் என்று சொல்லாவிட்டால் விடியச் சொன்னதைப் பின்னேரம் நம்பி ஒருவர் புறப்பட்டுவிடுவார். படம் எடுத்தால் மதகுக் கட்டையோ மைல்கல்லோ தெரிய எடுங்கள். வெறும் தண்ணீர்ப் படம் எந்த ஊருக்கும் எந்த வருடத்துக்கும் பொருந்தும், அதனால்தான் பழைய வெள்ளப் படங்கள் ஒவ்வொரு மார்கழியும் உயிர்த்தெழுந்து சுற்றுகின்றன. யாராவது அனுப்பினால் “எப்ப எடுத்தது, ஆர் எடுத்தது?” என்று கேட்டு, பதில் வந்த பிறகு மற்றவருக்கு அனுப்பலாம். முல்லைத்தீவுக்குப் போகிறவர்கள் வட்டுவாகலைக் கேட்பார்கள், மாங்குளத்தால் வருகிறவர்கள் ஒட்டுசுட்டான் பக்கத்தைக் கேட்பார்கள். அந்தந்த இடத்துக்கு அருகில் இருக்கிற ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும். பத்துப் பேர் ஒரே மதகைப் பற்றிப் பத்து விதமாகச் சொன்னால் குழப்பம்தான் மிச்சம்.

மோட்டார்சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. சைலன்சர் வாய் மூழ்கும் ஆழத்தில் ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால், அந்த இடத்திலேயே திரும்ப உதைத்து எடுக்கப் பார்க்காதீர்கள். உறிஞ்சின தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்தால் கொனெக்டிங் றொட் வளையும். உருட்டிக்கொண்டு கரைக்கு வந்து, பிளக்கைக் கழற்றி, பத்துத் தரம் உதைத்துத் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் பார்க்கலாம்.

கரண்ட் நீண்ட நேரம் போனால் சிக்னலும் போகும். கோபுரத்தில் இருக்கிற பற்றரி சில மணித்தியாலம்தான் தாங்கும். குரல் அழைப்பு எடுபடாத நேரத்திலும் சாதாரண எஸ்.எம்.எஸ். தட்டுத் தடுமாறிப் போய்ச் சேரும். ஆகவே முக்கியமானதை எழுத்தில், இரண்டு வரியில் அனுப்புங்கள். குரல் பதிவு அனுப்பத்தான் வேண்டும் என்றால் 40 விநாடிக்குள் முடியுங்கள். ஐந்து நிமிடப் பதிவில் நாலாவது நிமிடத்தில் பாலம் உடைந்த கதை வந்தால் அதை ஆர் கேட்பது?

இனிக் குடில். “குடில் கட்டியாச்சோ?” என்ற கேள்விக்கு டிசம்பர் 10ஆம் திகதிக்குள் “ஓம்” என்று சொல்பவர் பெரும்பாலும் திரும்பக் கட்டுவார். மாரிக்குள் கட்டுகிற குடில் மற்ற ஊர்க் குடில் போல இல்லை. நத்தார்க் காலத்தில் காற்று வடகிழக்கில் இருந்து வரும் வாடை. மழையும் அந்தப் பக்கத்தால்தான் சாய்ந்து அடிக்கும். குடிலின் வாய் தெற்கே அல்லது மேற்கே பார்க்க இருந்தால் உள்ளே சொரூபங்கள் நனையாது. றோட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கிழக்கே வாய் வைத்துவிட்டுப் பிறகு பொலித்தீன் கட்டி மூடி வைத்திருப்பதில் என்ன வடிவு இருக்கிறது?

வீட்டு முற்றத்துக்கு நாலடி அகலம், மூன்றடி ஆழம், முன்பக்கம் மூன்றரையடி உயரம் போதும். நாலு காட்டுத்தடி, ஒன்றரை அங்குலத் தடிப்பு. பின்பக்கத் தடியை விட முன்பக்கத் தடியை உயர்த்தி ஒரு பக்கச் சாய்வாகக் கூரை போடுகிறவர்கள் பலர், ஆனால் அந்தச் சாய்வு போதாது. கிடுகுக் கூரைக்கு 45 பாகைக்குக் குறையாத சரிவு வேண்டும். சரிவு குறைந்தால் தண்ணீர் வழியாமல் ஓலைக்குள்ளே நின்று சொட்டும். நடுவில் முகட்டுத்தடி வைத்து இரண்டு பக்கமும் இறக்குங்கள். கிடுகைக் கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு வர வேண்டும். மேல் வரிசை கீழ் வரிசையைப் பாதியாவது மூட வேண்டும். ஓலைக்குக் கீழே ஒரு பொலித்தீன் விரித்தால் எவருக்கும் தெரியாது, சொட்டவும் சொட்டாது.

தரையில் நேரே வைக்கோல் பரப்பினால் நாலாம் நாள் கறையான் வந்துவிடும். எட்டுப் பத்துச் சீமெந்துக் கல்லை அடுக்கி, மேலே பலகை, அதன் மேல் பொலித்தீன், அதன் மேல் வைக்கோல். வைக்கோல் இந்தக் காலத்தில் புதிதாகக் கிடைக்காது, காலபோக வயல் இன்னும் பச்சையாக நிற்கும். சிறுபோகத்து வைக்கோல்தான். போரின் வெளிப்பக்கம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருக்கும். கையை உள்ளே விட்டு மஞ்சளாக இருப்பதை இழுத்தெடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு தடியால் நன்றாகக் கிளறிப் பாருங்கள், மழைக்குப் பாம்பு ஒதுங்குகிற இடம் அது. மலை செய்வதற்குச் சீமெந்துப் பையின் கடதாசியைக் கசக்கி, கூழ் பூசிக் காய வைத்து, மண்ணிறமும் கறுப்பும் தெளிப்பது பழைய முறை. மழைக்காலத்தில் கூழ் காயாது. பழைய சாக்கைச் சீமெந்துத் தண்ணீரில் தோய்த்துத் தடி மேல் போர்த்துவிட்டால் ஒரே இரவில் இறுகி மலையாகும், மழையும் தின்னாது. பிளாஸ்டர் சொரூபங்கள் ஈரத்தை உறிஞ்சி அடியில் உதிரும். ஒவ்வொன்றின் கீழேயும் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று வைத்தால் ஈரம் ஏறாது.

குடிலுக்குள் பச்சைப் புல். கடையில் பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறது, வாங்குகிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் நெல் கமக்காரர் ஊரில் நெல்லே முளைக்க வைப்பதுதான் அழகு. கணக்கு இதுதான்: 13ஆம் திகதி விடிய நெல்லை ஊறப் போட்டு, 24 மணித்தியாலம் கழித்து வடித்து, நனைந்த சாக்கில் கட்டி இருட்டில் வைத்தால் 15ஆம் திகதி வெள்ளை முளை தெரியும். அடியில் துளை போட்ட தட்டில் ஒரு அங்குல மண் பரப்பி, முளை நெருக்கமாகத் தூவி, மேலே மண் போடாமல் கையால் அழுத்திவிடுங்கள். 24ஆம் திகதி மூன்று, நாலு அங்குலத்தில் நிற்கும். பயறு வளர்ச்சி கூடியது, அதை 18ஆம் திகதி இரவு ஊறப் போட்டால் போதும். முந்தினால் நீண்டு தலை சாய்ந்துவிடும். தட்டைக் கூரை இறப்புக்குக் கீழே வெளிச்சம் படுகிற இடத்தில் வையுங்கள். திறந்த முற்றத்தில் வைத்தால் மழைத்துளி விதையை மூலைக்குத் தள்ளும், குடிலுக்குள் இருட்டில் வைத்தால் மஞ்சளாக மெலிந்து வளரும். கோழிக்கு எட்டாத உயரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவருடைய சேதி “கோழி கிளறிப் போட்டுது” என்றுதான் வரும். அதற்கு மாற்றாகக் குரக்கன். 17ஆம் திகதி தூவினால் நத்தாருக்கு மெல்லிய புல்லாக வந்துவிடும்.

நட்சத்திரம் கட்டுவதற்கு மூன்றடிச் சலாகை பத்து, எட்டு அங்குலச் சலாகை ஐந்து. கமுகஞ் சலாகை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் காய்ந்த பனை மட்டையைக் கிழித்துச் சீவலாம். பச்சை மட்டை வேண்டாம், காயக் காயச் சுருங்கிக் கட்டு இளகிவிடும். ஐந்து நீளச் சலாகையை ஐந்து முனை வரும்படி ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னி, முனைகளையும் உள்ளே குறுக்கிடும் ஐந்து இடங்களையும் கட்டுங்கள். இன்னொன்றும் அப்படியே. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிய பிறகு, உள்ளே இருக்கிற ஐந்து குறுக்கிடத்திலும் எட்டு அங்குலச் சலாகையை நிமிர்த்திச் செருகினால் நட்சத்திரம் வயிறு ஊதி நிற்கும். முதலில் சின்னச் சலாகையைக் கட்டிவிட்டுப் பிறகு முனையைச் சேர்க்கப் பார்த்தால் முனை எட்டாது, சலாகை முறியும். ரிசு பேப்பர் ஒட்டினால் முதல் மழையோடு போய்விடும், நிறப் பொலித்தீன்தான் தாங்கும். ஆனால் பொலித்தீன் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கீழே இருக்கிற இரண்டு முனையிலும் ஊசி அளவு துளை போட்டுவிடுங்கள். உள்ளே 5 வாற்று எல்.ஈ.டி. பல்ப், பொலித்தீனில் இருந்து நாலு அங்குலமாவது விலகி. பழைய குண்டு பல்ப் பொலித்தீனை உருக்கும்.

வயர் கொண்டு போகிற விதத்தில்தான் பல வீடுகளில் பிழை. வெளியிலிருந்து வருகிற வயர் நேரே பிளக்குக்கு இறங்கினால் மழைத்தண்ணீர் வயரோடு வழிந்து பிளக்குக்குள் போகும். பிளக்கை விடக் கீழே அரையடி தொங்கவிட்டு, அங்கிருந்து மேலே ஏற்றிச் செருகினால் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மூட்டு எதுவும் நிலத்தில் கிடக்கக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, வெட்டின பக்கம் கீழே பார்க்க மூட்டின் மேல் தொப்பி போலக் கவிழ்த்துக் கட்டலாம். மழை தொடங்கியதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால், விழாமல் இருக்கக் கட்டையால் முட்டுக் கொடுக்கிற கெட்டித்தனம் வேண்டாம். அது ஆளைக் காப்பாற்றத்தான் விழுகிறது. எல்லா மாலை பல்பையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகினால் ஈரம் புகுந்த மூட்டு எது என்று தெரிந்துவிடும். வைக்கோல் இருக்கிற இடத்தில் மெழுகுதிரி எந்தக் காரணத்துக்கும் கூடாது.

கேக்குச் சேதி தனி உலகம். ரவை 250 கிராம், பட்டர் 250, சீனி 250, மஞ்சட் கரு பத்து, வெள்ளைக் கரு ஐந்து. முந்திரிகை வற்றல், சுல்தானா, கஜு, பூசணி அல்வா ஒவ்வொன்றும் 250. இஞ்சிப் பாகு 100, செர்ரி 100, தேன் இரண்டு மேசைக்கரண்டி, றோஸ் எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, கறுவா, ஏலம், சாதிக்காய்த் தூள் கொஞ்சம், பிராந்தி 100 மில்லிலீற்றர். பழத்தை மூன்று கிழமைக்கு முன் வெட்டிப் பிராந்தியில் போட்டுக் கண்ணாடிப் போத்தலில் மூடி, இரண்டு நாளுக்கு ஒரு தரம் கவிழ்த்து நிமிர்த்துவார்கள். மதுசாரம் சேர்க்காத வீட்டார் அதே கணக்கில் தோடம்பழச் சாற்றில் ஊற வைத்துவிட்டு “நுரைக்குது” என்று சேதி அனுப்புவதுண்டு. சாற்றில் ஓர் இரவுக்கு மேல் வைத்தால் புளித்துப் பொங்கத்தான் செய்யும்.

ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, சூடாக இருக்கும்போதே பட்டரில் கலந்து இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். அந்த ஊறல் இல்லாவிட்டால் கேக்கில் மணல் கடிபடும். இஞ்சி, பூசணி இரண்டினதும் பாகை வடிகட்டாமல் போட்டால் எல்லாம் அடியில் போய்க் குந்தும். தட்டுக்குள் நாலைந்து மடிப்புப் பத்திரிகை, அதன் மேல் எண்ணெய்த் தாள். சூடு 150 பாகை செல்சியஸ், நேரம் இரண்டு முதல் இரண்டரை மணித்தியாலம். வீட்டில் மின் அவன் இருந்தாலும் நடுவில் கரண்ட் போனால் கேக் குந்திவிடும். ஆகவே பலர் பேக்கரிப் போறணையைத்தான் நம்புகிறார்கள். பாண் இறக்கின கையோடு போறணை கேக்குக்குச் சூடு கூட. ஒரு வெள்ளைத் தாளை உள்ளே போட்டு ஐந்து நிமிடத்தில் எடுங்கள். இளமஞ்சளானால் தட்டை வைக்கலாம், கபிலமானால் இன்னும் பொறுக்க வேண்டும். 22, 23ஆம் திகதிகளில் இடம் கிடைக்காது. 20ஆம் திகதிக்குள் நேரம் கேட்டு வைத்து, அந்த நேரத்தைக் கூட்டாளிமாருக்கும் சொல்லிவிட்டால் ஒரே ஓட்டோவில் நாலு வீட்டுத் தட்டு போகும். தட்டின் பக்கத்தில் ஆணியால் பெயரைக் கீறி விடுங்கள். பெயின்றால் எழுதினால் போறணைச் சூட்டில் கருகிவிடும், பிறகு ஆருடைய கேக் ஆருடையது என்பது ஊர் வழக்காகும்.

பலகாரத்தில் ஒரே எதிரி ஈரக்காற்று. கொக்கிஸும் முறுக்கும் 20ஆம் திகதிக்கு முன் சுட்டால் நத்தாருக்கு இளகிவிடும். சுட்டு, முழுதாக ஆறிய பிறகு, அடியில் பத்திரிகை போட்ட தகரப் பேணியில் பொலித்தீன் பையோடு இறுக்கி மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துவிடும். அரிசி மாவைக் காய வைக்க வெயில் இராது, இடித்த கையோடு வறுத்து வையுங்கள். பயத்தம் பணியாரத்துக்கு மட்டும் அவசரம் வேண்டாம், அது கிழமைக் கணக்கில் இருக்கும்.

பகிர்ந்து கொடுக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று. கார்த்திகை விளக்கீட்டுக்குப் பின் 21 நாள் பிள்ளையார் கதை விரதம் வரும். அது முடிவது மார்கழியில், பல வருடங்களில் நத்தாரை ஒட்டி. அதைத் தொட்டுத் திருவெம்பாவை. சைவக் கூட்டாளி வீட்டில் அந்த நேரம் முட்டை சேர்த்த கேக்கை வாங்கி வைத்துக்கொண்டு சங்கடப்படுவார்கள். “எப்ப விரதம் முடியுது?” என்று முதலே கேட்டுவிட்டால், அதற்கு முன் போகிற பையில் பயத்தம் பணியாரமும் வாழைப்பழமும், முடிந்த பிறகு போகிற பையில் கேக். பலகாரம் சுட்ட எண்ணெயில் முதலில் இறைச்சியோ மீனோ பொரித்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். பௌர்ணமி நத்தாருக்கு முதல் நாட்களில் விழுந்தால் அன்று இறைச்சிக்கடை பூட்டு. கலண்டரைப் பார்த்து ஒரு நாள் முந்தி வாங்கச் சொல்லி ஒரு வரி போட்டால் பலர் நன்றி சொல்வார்கள்.

கரோல் குழு எப்போது எந்த ஒழுங்கைக்கு வரும் என்பதும் சேதிதான். மரணம் நடந்து 31ஆம் நாள் முடியாத வீடுகள் எவை என்று குழுவோடு போகிற ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டு வாசலில் மேளத்தை நிறுத்திவிட்டு, இருவர் மட்டும் உள்ளே போய்ச் செபம் சொல்லிவிட்டு வருவது வழக்கம். மழையில் ஆர்மோனியத்தை உரப்பையில் சுற்றிக் கொண்டு போகலாம், ஆனால் வாசிக்கும்போது வெளியே எடுக்கத்தான் வேண்டும். தோல் மேளம் ஈரத்தில் சுருதி இறங்கும். உழவு இயந்திரப் பெட்டிக்கு மேலே தறப்பாள் கட்டிப் போகிற குழுவுக்குத்தான் கடைசி வீடு வரை குரல் இருக்கும்.

வயல்காரக் கூட்டாளியிடம் “வயல் எப்பிடி?” என்று கேட்டால் “தாண்டு போச்சு” என்பார். பயிர் எத்தனை நாள், நுனி தெரிகிறதா, தண்ணீர் கலங்கலா தெளிவா என்று கேளுங்கள். நுனி வெளியில் நின்றால் பெரும்பாலும் தப்பும். முழுதாக மூடிக் கலங்கல் தண்ணீர் ஒரு கிழமை நின்றால் அழுகிவிடும். தண்ணீர் வடிந்த அன்றே யூரியா எறிகிறவர்கள் காசைத் தண்ணீரில் எறிகிறார்கள். வரம்பை அடைத்து, புது இலை தெரிந்த பிறகு போடுவதுதான் முறை. அழிவு என்றால் திகதி தெரியப் படம் எடுத்து, விடுமுறை முடியட்டும் என்று பார்த்திராமல் கமநல சேவை நிலையத்தில் பதிய வேண்டும்.

“சும்மா காய்ச்சல், பனடோல் போட்டனான்” என்ற சேதியை மட்டும் சும்மா விட வேண்டாம். மாரியில் டெங்கும் எலிக்காய்ச்சலும் ஒன்றாக உலாவும். வயல் தண்ணீரில் இறங்கினாரா, கெண்டைக்கால் சதை நோகிறதா, சலம் (சிறுநீர்) குறைந்து நிறம் மாறியிருக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்காவது “ஓம்” வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் இரத்தப் பரிசோதனை. பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், புரூபன் எதுவும் கூடாது, டெங்கு என்றால் அவை இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு எடுக்கலாம். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குப் பூசையைத் தொலைபேசியில் காட்டுகிற பழக்கம் இப்போது எல்லாப் பங்கிலும் உண்டு. இங்கே 24ஆம் திகதி இரவு 11.30 என்றால் லண்டனில் பின்னேரம் 6 மணி, பாரிஸில் 7 மணி, ரொறன்ரோவில் பகல் 1 மணி, மெல்பேணில் 25ஆம் திகதி விடிய 5 மணி. மெல்பேண்காரருக்கு முதல் நாளே சொல்லுங்கள், எழும்பி இருப்பார்கள். நேரடிக் காட்சி அந்த நேரம் இழுபடும், எல்லாரும் ஒரே கோபுரத்தில் தொங்குவார்கள். பாலனைக் குடிலில் வைக்கிற அரை நிமிடத்தைப் பதிந்து, பூசை முடிந்து வீடு வந்த பிறகு அனுப்பினால் தெளிவாகப் போகும்.

25ஆம் திகதி இரவோடு பாட்டுப் பெட்டியை நிறுத்திவிடுங்கள். 2004 டிசம்பர் 26 காலை முல்லைத்தீவுக் கரையில் சுனாமியில் ஆயிரக்கணக்கானோரைக் கடல் கொண்டு போனது. நத்தாருக்கு வந்து நின்ற உறவுகளும் அதில் இருந்தார்கள். காலை 9.25 முதல் 9.27 வரை மௌனம். அன்று கரைப்பக்கத்துக் கூட்டாளிக்கு விருந்துப் படம் அனுப்புவதில்லை. அழைத்தால் முற்பகல் விட்டு, பின்னேரம். என்ன கதைப்பது என்று தெரியாவிட்டால் “இருக்கிறியளோ?” என்று கேட்டாலே போதும், அவர்கள் கதைக்க விரும்பினால் கதைப்பார்கள்.

27, 28ஆம் திகதிகளில் வந்தவர்கள் திரும்புவார்கள். இருட்டின பிறகு ஏ9இல் முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் மாடுகள் தார் றோட்டில் படுத்திருக்கும். காட்டுத் தரை ஈரம், தார் மட்டும்தான் கொஞ்சம் காய்ந்த இடம். கறுத்த மாடு மழையில் லைற்றுக்கும் தெரியாது, பத்து யார் தூரத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் கண் மினுங்கும். நாலு மணிக்கு முன் புறப்பட வையுங்கள். மாங்குளத்தில் ஒன்று, ஓமந்தை தாண்டி ஒன்று, வீடு சேர்ந்து ஒன்று என்று மூன்று வரி அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாவது வராவிட்டால் இரவு எத்தனை மணியானாலும் எடுத்துக் கேட்கலாம்.